என் கல்யாணத்துக்குத் தடையாக நின்ற மலை

என் அப்பாவுக்கு எழுத்து என்றால் எழுத்துதான். ஆறு நாளில் உலகம் உண்டானது என்று வேதத்தில் இருந்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை ஆரம்பித்து வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் முடிந்தது என்று அடித்துச் சொல்வார். "ஒரு நாள்னா ஒரு யுகம்னு வச்சுக்கலாமே" என்று சபையில் யாராவது இழுத்தால், "நீங்க கூலி குடுக்கும்போது நாளை நாளாத்தான எண்ணுறீக? கர்த்தருக்கு மட்டும் என்ன தனிக்கணக்கு?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவார்.

ஐம்பதுகளில் போடியில் எங்களுக்கு ஏலக்காய்க் கடை இருந்தது. அந்தக் காலத்தில் ஏலக்காய் விலையை யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள். விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரு துண்டைப் போட்டுக் கையை மூடிக்கொண்டு, விரலைத் தொட்டுத் தொட்டுப் பேசி முடிப்பார்கள். அப்பாவுக்கு இது ஆகாது. காதோடு கேட்டதை வீட்டின் மேல் நின்று சொல்ல வேண்டும் என்று வேதத்தில் இருக்கிறதாம். அதனால் மொட்டைமாடியில் ஏறி, தெருவுக்கே கேட்கிற மாதிரி தன் விலையைக் கூவிவிட்டு இறங்குவார். பக்கத்துக் கடைச் செட்டியார் ஒரு வேலையும் இல்லாமல் தினமும் எங்கள் விலையைத் தெரிந்துகொண்டு, வெற்றிலையைக் குதப்பியபடி சிரித்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை கடைத்தெருவில் ஒருவன் குளிருகிறது, சட்டை வேண்டும் என்று கேட்டானாம். சட்டை கேட்டவனுக்கு மேலாடையையும் விட்டுவிடு என்பதும் எழுதியிருக்கிறதே. அப்பா சட்டையோடு துண்டையும் கொடுத்துவிட்டு வெறும் மார்போடு வீடு வந்து சேர்ந்தார். அம்மா மேலும் கீழும் பார்த்தாள். "நல்லவேளை, அவனுக்கு வேட்டி இருந்திருக்கு" என்றாள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு மகளாகப் பிறந்தவளுக்குத்தான் கல்யாணம் கூடி வந்தது.

மாப்பிள்ளை போடிமெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கு எழுதுகிற ரைட்டர். நல்ல உயரம், சுருட்டை முடி. பெண் பார்க்க வந்த அன்று எல்லா மாப்பிள்ளைகளையும் போலத் தரையைப் பார்க்காமல் என்னை நேராகப் பார்த்து, "பாயசத்துல ஏலக்காயே இல்லையே, கடையில எல்லாத்தையும் வித்துட்டாகளா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நிமிஷமே எனக்கு அவரைப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல இந்த வயதில் எனக்கென்ன வெட்கம்?

எங்கள் சபையில் கல்யாணம் என்றால் அதற்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் என்று போதகர் அறிவித்துவிட்டு, இதற்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார். யாரும் சொல்ல மாட்டார்கள். அவரும் பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பாட்டின் எண்ணைச் சொல்லிவிடுவார். முதல் ஓலை அப்படித்தான் போயிற்று.

அந்த வாரமே மாப்பிள்ளை ஒரு நாள் மலையிலிருந்து இறங்கி எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். எங்கள் சாப்பாட்டு அறை ஜன்னலைத் திறந்தால் மலைதான் முகத்தில் முட்டும். அப்பா ஜன்னல் பக்கம் கையை நீட்டி, "கடுகளவு விசுவாசம் இருந்தாப் போதும், இந்தா நிக்கிதே இது அப்பிடியே பேந்து அங்கிட்டுப் போயிரும். நீங்க என்ன சொல்றீக மாப்ளே?" என்றார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். அவர் ரசத்தைக் குழைத்துக்கொண்டே, "அது உவமை மாமா. மலைன்னா நெசமான மலை இல்ல. மனசுல கெடக்குற பாரம், கஷ்டம், அந்த மாதிரி. நெசமாவே மலை நகந்துச்சுன்னா எங்க எஸ்டேட்டும்ல சேந்து போயிரும்? அப்புறம் நான் எங்க போயிச் சோலி பாக்க?" என்று சொல்லிவிட்டுக் கடகடவென்று சிரித்தார். அம்மா சிரித்தாள். கதவுக்குப் பின்னால் நானும் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. இலையை மூடிவிட்டு எழுந்து போனார்.

இரண்டாம் ஞாயிறு. போதகர் ஓலையை வாசித்தார். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்டுவிட்டுப் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். அப்பா எழுந்து நின்றார்.

"எனக்குத் தெரியும் ஐயா."

போதகர் ஊழியத்தில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கேள்விக்கு ஒருவர் பதில் சொல்லிக் கேட்டதே இல்லை. மூக்குக் கண்ணாடி நழுவி மூக்கு நுனியில் தொங்கியது. "நீங்க பொண்ணோட தகப்பன்ல?" என்றார்.

"தகப்பன் சொல்லக் கூடாதுன்னு நீங்க வாசிக்கலையே. மாப்பிள்ளைக்கு மலை நகரும்ங்கிறதுல நம்பிக்கை இல்ல."

பெண்கள் பக்கம் முந்தானைகள் எல்லாம் வாய்க்குப் போயின. எனக்கு மட்டும் உடம்பெல்லாம் எரிந்தது. ஆராதனை முடிந்ததும் போதகர் அப்பாவைத் தனியாக அழைத்தார். தடை என்றால் ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாள், நெருங்கிய உறவு, அப்படி ஏதாவது இருக்க வேண்டும், மலையெல்லாம் தடை ஆகாது என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அப்பா அசையவில்லை. கடைசியில் போதகரும் சலித்துப்போய், "நீங்களே வந்து தடை இல்லன்னு சொன்னாத்தான் மூணாவது ஓலையை வாசிப்பேன். வர்ற ஞாயிறுக்குள்ள சொல்லலைன்னா இந்தக் கல்யாணம் இல்ல" என்று முடித்துவிட்டார்.

அன்று மத்தியானம் அம்மா அப்பாவுக்குச் சோறு போடவில்லை. "மனுசன் சோத்தால மட்டும் பொழைக்கிறதில்லன்னு எழுதியிருக்குல்ல? அதைத் தெறந்து வாசிங்க, வயிறு நெறையும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக் கதவைச் சாத்தினாள். அப்பா உண்மையிலேயே வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து வாசித்தார். சாயங்காலம் அம்மாதான் பொறுக்க முடியாமல் தட்டைக் கொண்டுபோய் வைத்தாள்.

வேதத்தை எழுத்துப்படி வாசிக்க வேண்டுமா, உவமையாக வாசிக்க வேண்டுமா என்று அந்த வாரம் என்னை யாராவது கேட்டிருந்தால், எப்படி வாசித்தால் என் கல்யாணம் நடக்குமோ அப்படி வாசியுங்கள் என்று சொல்லியிருப்பேன். அப்பாவோடு பேசுவதை நிறுத்தினேன். பொறுக்கிக்கொண்டிருந்த ஏலக்காயில் பச்சையையும் வெளுத்ததையும் ஒரே கூடையில் கொட்டினேன். கடையில் வேலை செய்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு பேசாமல் மறுபடி பிரித்து வைத்தார்கள்.

புதன்கிழமை காலையில் மாப்பிள்ளை கடைவாசலில் வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். அவர் நேரே அப்பாவிடம் போய் மணிக்கட்டைப் பிடித்தார்.

"மாமா, எங்கூட ஒரு மைல் வரணும். வாங்கன்னு கேக்கல. கட்டாயப்படுத்துறேன்."

அப்பாவின் முகம் மாறியது. ஒரு மைல் தூரம் வரும்படி ஒருவன் கட்டாயப்படுத்தினால் அவனோடு இரண்டு மைல் போ என்று எழுதியிருப்பது இருவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்பா செருப்பை மாட்டினார். "எந்தப் பக்கம்?" என்று மட்டும் கேட்டார்.

"போடிமெட்டு ரோட்டுல."

நான் கடைக்குள் நின்று தவித்துக்கொண்டிருந்தேன். அம்மா என் கையில் ஒரு தண்ணீர்ச் செம்பைத் திணித்தாள். "நீயும் போடி. ரெண்டு பேருதான் போகணும்னு அதுல எங்கயும் எழுதல" என்றாள். என் அம்மாவைப் போல வேதம் வாசிக்கத் தெரிந்தவர்களை நான் அதற்கப்புறம் பார்த்ததே இல்லை.

அவர்கள் முன்னால், நான் பத்தடி பின்னால். ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் மாந்தோப்பும் இலவமரங்களும். நேர் எதிரே மலை, அடிவாரத்திலிருந்து உச்சி வரைக்கும் துடைத்து வைத்த மாதிரி தெளிவாக இருந்தது. மைல்கல் வந்ததும் மாப்பிள்ளை நின்றார்.

"அவ்வளவுதான் மாமா. நீங்க திரும்பலாம்."

"இன்னும் ஒரு மைல் இருக்கு. நடங்க" என்றார் அப்பா.

அந்த இரண்டாவது மைலில்தான் அப்பா வாயைத் திறந்தார். திரும்பிப் பார்க்காமலே என் பக்கம் கையைக் காட்டினார்.

"இவ கைப்பிள்ளையா இருக்கும்போது நான் காய் எடுக்க மலைக்கு மேல போயிருந்தேன். இங்க இவளுக்கு விசக்காய்ச்சல்னு ஆள் வந்து சொல்லுச்சு. எறங்கலாம்னா பேய்மழை, பாதை பூராம் அடைச்சுக் கெடக்கு. மலையப் பாத்து நகருன்னேன். கத்திச் சொன்னேன். நகரல."

மாப்பிள்ளை நடையைக் குறைத்தார். "அப்புறம்?"

"மழை விட்டு எறங்கி வந்து பாத்தா, கழுத இவ கஞ்சி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

"அப்ப நல்லபடியாத்தான மாமா முடிஞ்சிருக்கு?"

"பிள்ளை பொழச்சது வேற மாப்ளே. நான் சொன்னது மலையை. அது நகரலைல்ல? எங்கிட்ட கடுகளவுகூட விசுவாசம் இல்லன்னுதான அர்த்தம்? அன்னையிலருந்து தினம் காலையில மாடியில நின்னு ஒருக்கா சொல்லிப் பாக்குறேன். நீங்க அன்னைக்கு அதைச் சொல்லித்தான் சிரிச்சீக."

நான் நடுரோட்டில் நின்றுவிட்டேன். விடிந்ததும் விடியாததுமாக அப்பா மாடிக்குப் போவது, காய் காயப்போட வெயில் வருமா என்று வானம் பார்க்கத்தான் என்று நினைத்திருந்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். மூன்று நாளாகப் பற்களைக் கடித்துக்கொண்டு சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை. ஓடிப்போய் அப்பாவைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மாப்பிள்ளை மலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் நம்புறேன்னு ஒங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டேன் மாமா. ஆனா என்னைக்காவது அது நகந்துச்சுன்னா, மொதல்ல தெரியப்போறது எனக்குத்தான். நான் அது மேலதான குடியிருக்கேன்? எம்புட்டு வெரசா முடியுமோ அம்புட்டு வெரசா எறங்கி வந்து சொல்றேன். ஒண்ணு மட்டும் பாத்துக்கோங்க. காயெடுப்பு நேரத்துல நகத்திராதீக."

அப்பா சட்டென்று நின்றார். முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் வயிறு குலுங்கியது. எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். "கரெக்ட்டு, நீதான் மொதல்ல பாப்ப" என்று சொல்லிச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதுவரை நீங்க, வாங்க என்றவர் நீ என்று சொன்னதை நான் கவனித்தேன்.

அங்கிருந்து நாலடியில் இரண்டாவது மைல்கல் வந்தது. இப்போது மாப்பிள்ளை பேச வேண்டும். இவ்வளவு பேசினவர் அங்கே வந்து வாயடைத்துப் போனார். கையைப் பிசைகிறார், தொண்டையைச் செருமுகிறார், வார்த்தை வரவில்லை. அப்பாவும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். எனக்குப் பொறுமை எப்போதுமே கிடையாது.

"அப்பா, மைல் முடிஞ்சிருச்சுல்ல? அடுத்த வசனத்தையும் நெறவேத்திருங்க. கேட்டா குடுக்கணும்னு இருக்கு."

"அவரு ஒண்ணும் கேக்கலையே" என்றார் அப்பா.

"அவுக கேக்காட்டிப் போறாக. நான் கேக்குறேன். எனக்கு இவுகளைக் குடுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் மாட்டுவண்டிக்காரர் இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் காது இரண்டும் சிவந்துவிட்டன. அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு என் கையிலிருந்த செம்பை வாங்கித் தண்ணீரைக் குடித்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"கேட்டுட்டா. இனி குடுக்காம இருக்க முடியாது. ஞாயித்துக்கெழம ஓலை வாசிக்கட்டும்" என்றார்.

ஊர்ப் பக்கம் திரும்பினோம். மாப்பிள்ளை மரியாதைக்கு அப்பாவுக்காக நின்றார், நான் வழக்கம்போலப் பத்தடி பின்னால் போய் நின்றேன். அப்பா காலில் கல் குத்துகிற மாதிரி செருப்பைக் கழற்றி உதறினார்.

"போற ரெண்டு மைலுக்குத்தான் எழுதியிருக்கு. திரும்பி வாற ரெண்டு மைலைப் பத்தி ஒண்ணும் எழுதல. நீங்க ரெண்டு பேரும் முன்னால சேந்து போங்க" என்றார்.

போய்க்கொண்டிருந்தபோது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். செருப்பில் கல் எதுவும் இல்லை. அப்பா வேண்டுமென்றேதான் அவ்வளவு மெதுவாக வந்துகொண்டிருந்தார்.