ஜெபத்துக்குக் கொண்டுபோன பத்திரம்

கர்த்தர் நல்லவர். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். இனி சொல்லப்போவதைக் கேட்டால் உங்களில் சிலருக்கு முகம் சுருங்கும். சுருங்கட்டும். ஒரு வருஷமாக அடக்கிவைத்த கோபம் இது. சாட்சி சொல்லும்போது அதை மறைத்தால் பொய்யாகிவிடும்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷம் பேட்டர்ன் வெட்டினேன். தோலை எந்த அளவில், எந்த வளைவில் வெட்ட வேண்டும் என்று அட்டையில் வரைந்து கொடுக்கும் வேலை. வீட்டில் எனக்காக லேடீஸ் செருப்பு டிசைன் போடுவேன். அறுபது டிசைனுக்கான அட்டைகள் என் டிரங்குப் பெட்டியில் இருந்தன. என் சொத்து அவ்வளவுதான்.

நம் சபை ஸ்டெல்லா அக்காவுக்குத் தையல் யூனிட் இருக்கிறது. "டிசைன் உன்னுது, மெஷின் என்னுது, பாதிக்குப் பாதி பார்ட்னர்" என்றார். நம்பி வேலையை விட்டேன். அடுத்த வாரம் நாலு பக்கப் பத்திரம் வந்தது. மேலே 'கூட்டு வியாபார ஒப்பந்தம்' என்று கொட்டை எழுத்து. வக்கீலிடம் காட்டுகிறேன் என்றதும் அக்கா முகம் கறுத்துவிட்டது. அதற்கப்புறம் உங்களில் எத்தனை பேர் என்னைப் பிடித்துக்கொண்டீர்கள்!

"விசுவாசிக்கும் விசுவாசிக்கும் நடுவுல வக்கீல் இன்னாத்துக்கு?"

"சந்தேகம் பிசாசுகிட்ட இருந்து வர்றதும்மா."

கூசிப்போனேன். பத்திரத்தைப் பிரித்துப் பார்ப்பதே பாவம் என்று தோன்றிவிட்டது. வேலையும் இல்லை, கையெழுத்துப் போடவும் மனசில்லை. மூன்று நாள் உபவாசம் இருந்து அழுதேன். "ஆண்டவரே, இது வேண்டாமென்றால் நீரே தடுத்துவிடும்." அது ஒன்றுதான் என் ஜெபம்.

குருத்தோலை ஞாயிறு. நம் வழக்கப்படி பத்திரத்தை மடித்து, பிளாஸ்டிக் கவரில் போட்டு பாஸ்டர் முன்னால் இருக்கும் மேசையில் வைத்தேன். வீட்டுப் பத்திரமோ வேலை ஆர்டரோ, பாஸ்டர் அதன்மேல் கைவைத்து ஜெபிப்பார். ஒருநாளும் பிரித்ததில்லை. அன்றைக்குப் பிரித்தார்.

"உள்ள இன்னா இருக்குன்னு தெரியாம எதுக்கு ஆமென் சொல்றது? படிம்மா" என்று மைக்கை நீட்டினார்.

திக்கித் திக்கிப் படித்தேன். மூன்றாம் பக்கத்தில் இருந்தது. நான் இதுவரை வரைந்ததும் இனி வரையப்போவதும் எல்லாம் அக்காவுக்கே சொந்தமாம். விலகினால் ஐந்து வருஷம் வேறு யாருக்கும் வரையக் கூடாதாம்.

"அது சும்மா பேருக்கு எழுதுறதும்மா" என்றார் அக்கா.

"சும்மான்னா அடிச்சிடுங்கக்கா." பேனாவை நீட்டினேன்.

அவர் வாங்கவில்லை. கையெழுத்துப் போடாமலே பத்திரத்தை மடித்துக் கவரில் போட்டுக்கொண்டேன். ஆண்டவர் தடுத்துவிட்டார். ஸ்தோத்திரம்!

சத்துவாச்சாரியில் ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தேன். "மேல கூட்டுன்னு போட்டிருக்காங்க, உள்ள உங்கள கூலிக்கு வெச்சிருக்காங்க. உங்களுக்கு பார்ட்னர்ஷிப்பே வேணாம். டிசைன் உங்க பேர்ல இருக்கட்டும். இன்ன டிசைனை இத்தனை வருஷம் தைக்கலாம்னு அனுமதி மட்டும் எழுதிக் குடுங்க" என்றார். இப்போது ராணிப்பேட்டை யூனிட் ஒன்று அப்படித்தான் தைக்கிறது. என் பெட்டி என் வீட்டில் இருக்கிறது.

கர்த்தரை முழு மனதோடு நம்புங்கள், கைவிடமாட்டார். பத்திரத்தைப் படித்துவிட்டு அவரிடம் கொண்டுவாருங்கள். படிக்காமல் கையெழுத்துப் போடுவதுதான் விசுவாசம் என்று இனி யாராவது சொன்னால் நான் சும்மா விடமாட்டேன்.

ஸ்டெல்லா அக்கா, மூன்றாவது வரிசையில்தான் இருக்கீங்க. உங்களை மன்னிக்க ஜெபிக்கிறேன், இன்னும் முடியல. என் டிசைன் வேணும்னா வாங்க. பத்திரம் நான் எழுதிக் கொண்டுவர்றேன். இதே மைக்ல நீங்க படிங்க.