கணக்கில் வராத அக்காரவடிசல்

அறுபதுகளின் தொடக்கத்தில் புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் எனக்கு வேலை. ஒரு நாள் ஸ்ரீரங்கத்திலிருந்து குதிரை வண்டியில் வரதனைத் தூக்கி வந்தார்கள். காலேஜ் மாணவன், அந்த வயதிலேயே சர்க்கரை வியாதி, இன்சுலின் ஊசி, எங்கள் ஆஸ்பத்திரியில்தான் வைத்தியம். நினைவு தப்பியிருந்தது. சர்க்கரையைக் காட்டிக்கொடுக்கும் நீல நிற பெனடிக்ட் கரைசலில் அவன் சிறுநீரைச் சில சொட்டு விட்டுக் காய்ச்சினேன். நீலம் பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் போய் நின்றது. சர்க்கரை உச்சத்தில் இருந்தது. பிழைப்பானா என்று பயந்தேன்.

பிழைத்தான். கண் திறந்ததும் பெரிய டாக்டர் பிடித்துக்கொண்டார். "என்னப்பா சாப்பிட்டே?"

"நீங்க சொன்னதுதான் சார். சப்பாத்தி, கீரை, மோர். காபிக்குச் சக்கரை கிடையாது."

அவன் பொய் சொல்கிறவன் இல்லை. வார்டில் மற்றப் பையன்கள் தலையணைக்கடியில் மிட்டாய் ஒளிப்பார்கள். இவன் சொன்ன சொல்லைத் தாண்டாத ரகம். இவனுக்கே இப்படி என்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

டாக்டர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நேத்து எழுந்ததிலேர்ந்து என்ன பண்ணினே, ஒண்ணு விடாம சொல்லு."

"குளிச்சேன், ஊசி போட்டுண்டேன், கோயிலுக்குப் போனேன். மடப்பள்ளியில சமையல் பண்ற மாமா அக்காரவடிசல் குடுத்தார்..."

"நிறுத்து! அத்தனையும் வெல்லமும் நெய்யும்! இதை ஏன் சொல்லலே?"

வரதன் திகைத்துப் போனான். "என்ன சாப்பிட்டேன்னுதானே கேட்டேள்? இது பெருமாள் பிரசாதம் சார். இதைப் போய் சாப்பாட்டுல சேக்கலாமா? தெனமும் ஏதாவது குடுப்பார். வேண்டாம்னு சொல்லப்படாது."

டாக்டர் திட்டவில்லை. "வேண்டாம்னு சொல்ல வேணாம்ப்பா. எவ்வளவு எடுத்துண்டா பிரசாதம்?"

யோசித்தான். "ஒரு பருக்கை போறும் சார்."

"அப்ப ஒரு பருக்கை."

"சரி சார்."

அவ்வளவுதான் பேச்சு. நான் நம்பவில்லை. அடுத்த முறை அவன் வந்தபோது டியூப் கொதிகொதியென்று கொதித்தும் நீலம் நீலமாகவே நின்றது. டியூபுக்கு அடியில் எரிந்த ஸ்பிரிட் விளக்கை அணைக்கத் தோன்றாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

படிப்பு முடிந்து அவனுக்கு வேலை கிடைத்த அன்று தொன்னை நிறைய அக்காரவடிசலோடு லேபுக்கே வந்தான். நெய் மணம் ஆளைத் தூக்கியது. ஒரு பருக்கையை எடுத்துக் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொண்டான். "மிச்சம் உங்களுக்கு அக்கா." நான் பாலக்கரை சர்ச்சுக்குப் போகிறவள், கிறிஸ்துமஸ் கேக் முன்னால் என் கை நின்றதே இல்லை. தொன்னையை வழித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன். எதிரே அவன் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டிருந்தான்.

அவனைச் சாகக் கிடத்திய அதே குணம்தான் அவனைக் காப்பாற்றியது. லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: டியூபில் சர்க்கரை தெரியும், ஆள் எப்படிப்பட்டவர் என்று தெரிய, பக்கத்தில் உட்கார்ந்து பேசித்தான் ஆக வேண்டும்.