பட்டியலில் இல்லாத பெயர்

அது ஒரு காலண்டர் தாள். மலேசியாவில், எங்கள் ஊர்ப் பக்கம் மந்தினில் ஒரு மளிகைக் கடைக்காரர் வருடப் பிறப்புக்குக் கொடுத்த காலண்டர். ஒரு மாதம் முடிந்ததும் தாளைக் கிழித்து, அதன் வெள்ளைப் பின்பக்கத்தில் கறுப்பு மார்க்கர் பேனாவால் மூன்று பெயர்களைப் பெரிது பெரிதாக எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டினேன். மூன்றும் ஆங்கில எழுத்து. என் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனால் அந்தத் தாள் அம்மாவுக்காக எழுதியதுதான். பெயர்களுக்குப் பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் குட்டிக் குட்டிக் கோடுகள் இருக்கும். அவை அம்மா போட்டவை. அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது இன்றைக்கும் முதலில் சிரிப்புத்தான் வருகிறது. அதற்குப் பிறகுதான் மற்றது வருகிறது.

நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, பள்ளிக்கூடத்தை விட்டவன். சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை. கைமாறி வந்த ஒரு மடிக்கணினியை வைத்துக்கொண்டு, வீடியோ பார்த்துப் பார்த்து இணையத்தளம் செய்யக் கற்றுக்கொண்டேன். முதலில் மந்தினில் ஒரு டயர் கடைக்குச் செய்து கொடுத்தேன். அப்புறம் நாங்கள் குடியிருந்த ரப்பர் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளை உடைக்கும் முன் எங்களுக்கு வேறு வீடு வேண்டும் என்று குடும்பங்கள் எல்லாம் சேர்ந்து கேட்டோம். யார் யார் எத்தனை காலம் இங்கே இருந்தோம் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவரச் சொன்னார்கள். அதற்காக ஒரு தளம் செய்தேன். ஐசி என்கிற அடையாள அட்டையின் இரண்டு பக்கம், பழைய சம்பளச் சீட்டு, படம் எல்லாவற்றையும் அதில் ஏற்றலாம். வெளியூருக்குப் போன பிள்ளைகள்கூட அங்கிருந்தே ஏற்றினார்கள். நான் செய்த ஒன்றைத் தோட்டமே நம்பியது. பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. அத்தனை பேருடைய ஐசியும் தவறான ஆள் கையில் போனால், அவர்கள் பெயரில் எவன் வேண்டுமானாலும் வீடு கேட்கலாம், கடனும் வாங்கலாம்.

அந்தப் பயத்தில்தான் சான்றிதழ்களைப் பற்றித் தேடிப் படித்தேன். தள முகவரிக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பூட்டு தெரியுமே, அது வர ஒரு சான்றிதழ் வேண்டும். 'இந்தப் பெயருக்கு உரியவர் இவர்தான்' என்று அதைக் கொடுக்கச் சில நிறுவனங்கள் இருக்கின்றன. கொடுக்கும் ஒவ்வொன்றையும் அவர்கள் பொதுவான ஒரு பதிவேட்டில் எழுதியாக வேண்டும். எழுதியதை யாரும் அழிக்க முடியாது. உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் பெயரில் நாம் கேட்காத சான்றிதழ் ஒன்று அதில் ஏறினால், யாரோ நம் பெயரைப் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்று அர்த்தம். பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே இருந்து, நம் பெயர் வந்தால் உடனே மின்னஞ்சல் அனுப்பும் சேவையும் இலவசமாகக் கிடைத்தது. அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷத்தில் அடுப்படிக்கு ஓடி, மீன் கழுவிக்கொண்டிருந்த அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

அம்மா கையை உதறிவிட்டுக் கேட்டார். "பெரட்டுல பேர் கூப்புடுற மாதிரியா?"

பெரட்டு என்றால் தோட்டத்தில் காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது. அம்மா பால்மரம் வெட்டப் போன புதிதில் ஒரு நாள் வேலையை மேய்க்கும் மண்டோர் ஒரு பெயரைக் கூப்பிட்டாராம். கூட்டத்தில் ஒரு குரல் "இருக்கேங்க" என்றதாம். அந்தப் பெயரில் தோட்டத்தில் ஆளே கிடையாது. அதற்கு விழும் கூலி வேறு யார் பைக்கோ போகும். எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்க, கல்யாணம் ஆகி வந்து ஒரு மாதம்கூட ஆகாத என் அம்மா, அது யாருங்க ஐயா, நான் பார்த்ததே இல்லையே என்று கேட்டுவிட்டாராம். பேர் பதியும் கணக்கர், கிராணி, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாராம். அதற்குத் தண்டனையாக அம்மாவை மேட்டுக் காட்டு மரத்துக்குப் போட்டார்கள். ஆனால் அந்தக் கள்ளப் பெயர் மறுநாள் கூப்பிடப்படவில்லை. இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிட்டு அம்மா சொன்னார், "சத்தமா கூப்புட்டாதான்டா கள்ளப் பேரு மாட்டும்." நான் ஒரு வாரம் படித்துப் புரிந்துகொண்டதை அம்மா மீன் செதிலோடு நின்று ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்கள் தொழிற்சாலையில் உள்ளே போகும்போதே கைப்பேசியை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். மின்னஞ்சல் வந்தாலும் சாயங்காலம்தான் பார்ப்பேன். அம்மா தானாகவே சொன்னார், "என் போன்லயும் வர மாதிரி பண்ணு. வீட்டுல சும்மாதானே இருக்கேன்." அப்படித்தான் அந்தக் காலண்டர் தாள் வந்தது. தளத்துக்கு இருந்த மூன்று பெயர்கள் மட்டும் அதில். சான்றிதழைப் புதுப்பிக்கும் போதெல்லாம் மின்னஞ்சல் வரும். அம்மா கைப்பேசியைச் சுவரோரம் பிடித்து, விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டு வடிவத்தை ஒப்பிட்டுப் பார்ப்பார். சரியாக இருந்தால் "இருக்கு" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு ஒரு கோடு போடுவார். யாரும் இல்லாத வீட்டில் எதற்கும்மா வாய்விட்டுச் சொல்கிறாய் என்று கேட்டால், பெரட்டில் வாயை மூடிக்கொண்டா நிற்பார்கள் என்பார்.

அந்த நாளைச் சொல்கிறேன். காலை பத்து மணி இருக்கும். தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்றுகொண்டிருந்தேன். சூப்பர்வைசர் என் பின்னால் வந்து தோளில் கையை வைத்தார். அவர் யார் தோளிலும் கை வைக்கும் ஆள் இல்லை. அம்மா இறந்துவிட்டதாக ஜாகா சொன்னார் என்றார். எங்கள் தொழிற்சாலையின் ஜாகா, அதாவது வாசல் காவல்காரர், நேபாளத்திலிருந்து வந்தவர். லாக்கர் வரைக்கும் எப்படி ஓடினேன் என்று தெரியாது. கைப்பேசியை எடுத்துத் திறக்கும்போதே அது அடித்தது. அம்மாவின் எண்.

"அழுவாதடா. நான்தான். பட்டியல்ல இல்லாத பேரு ஒன்னு வந்துருக்கு. மூனு வாட்டி பாத்துட்டேன்."

நடந்தது இதுதான். அம்மா தொழிற்சாலைக்குக் கூப்பிட்டு என்னை வரச் சொல்லியிருக்கிறார். சாவு, விபத்து இரண்டுக்கு மட்டும்தான் ஆளை லைனிலிருந்து எடுப்போம் என்று ஜாகா சொல்லியிருக்கிறார். சரி, அவன் அம்மா செத்துட்டாங்க என்று அம்மா மலாயில் அடித்துவிட்டிருக்கிறார். பேசுவது யார் என்று கேட்டதற்கு, பக்கத்து வீடு என்றிருக்கிறார். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா எழுத்துகளைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். வாய் திறந்த வளையம் ஒன்று, கிண்ணம் ஒன்று, கம்பு நட்டுக் கீழே வயிறு வைத்தது ஒன்று. c, u, b என்று எனக்குள் எழுதிப் பார்த்தேன். அது நான் வைத்த பெயர்தான்.

தளம் செய்யும் காலத்தில் சோதனை பார்க்க எங்கள் பெயருக்குக் கீழே ஒரு கிளைப்பெயர் வைத்திருந்தேன். இலவசமாக இடம் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் அதற்கு இடம் எடுத்து, வேலை முடிந்ததும் காலி செய்தேன். ஆனால் அந்தப் பெயரைத் தேடி வருகிறவர்களை அந்த இடத்துக்கு அனுப்பு என்று போட்டிருந்த குறிப்பை அழிக்க மறந்துவிட்டேன். யாரோ அந்தக் காலி இடத்தைப் பிடித்து உட்கார்ந்துவிட்டான். சான்றிதழும் வாங்கிவிட்டான். மோட்டார் நிறுத்தும் இடத்தில் குந்தி அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். எங்கள் கோயில் படம், எங்கள் தமிழ், என் எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது. மேலே பூட்டு. அடையாள அட்டையை மறுபடியும் ஏற்றவும் என்று போட்டிருந்தது. அதே நேரம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் தெரியாத எண்ணிலிருந்து அந்த முகவரி வந்து விழுந்தது.

பயப்பட வேண்டிய நேரம். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அம்மா கள்ளப் பெயரைப் பிடித்துவிட்டார் என்று உடம்பெல்லாம் துள்ளியது. குறிப்பை அழித்தேன். அழித்தாலும் சில கைப்பேசிகள் பழைய வழியைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்திருக்கும். ஒரு மணி நேரம்கூட ஆகலாம். சான்றிதழை ரத்து செய்யச் சொல்லி நிறுவனத்துக்கு எழுதினேன். குழுவில் குரல் பதிவு போட்டேன். யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அம்மாவிடம், எப்படியாவது எல்லாரையும் நிறுத்து என்றேன்.

"நீ அங்க பாரு. இங்க நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

தோட்டத்தின் பழைய ரப்பர் ஸ்டோருக்கு முன்னால் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். பெரட்டுக்கு அடிக்கும் மணி அது. பல வருடமாக யாரும் தொடவில்லை. அம்மா ஓர் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு போய் அதை அடித்திருக்கிறார். காலை பத்தரைக்குப் பெரட்டு. துண்டோடு ஒருவர், தலையில் சாயத்தோடு ஒருவர் என்று எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து, பழக்கத்தில் வரிசையாகவே நின்றுவிட்டார்களாம். யாரும் போனில் ஐசி போடக் கூடாது, வந்திருப்பது கள்ளப் பக்கம் என்று அம்மா கத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டு அத்தை அப்போதுதான் ஐசியின் முன்பக்கத்தைப் படம் எடுத்துவிட்டுப் பின்பக்கத்துக்குத் திருப்பிக்கொண்டிருந்தாராம். மணி கேட்டதும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்ததாகச் சொன்னார். ஓர் ஐசிகூடப் போகவில்லை. மறுநாள் அந்தச் சான்றிதழும் ரத்தாகிவிட்டது.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் என் தப்பை அம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அம்மா சொன்னார், "வீட்ட காலி பண்ணிட்டுக் கதவுல பேர விட்டுட்டு வந்துருக்க. எவனாவது குடி வரத்தானே செய்வான், லா."

அத்தை கதவோரம் நின்று சிரித்தார். "செத்தவளுக்கு எவ்வளவு வாய் பாரு."

தொழிற்சாலையில் எனக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. ஜாகா பல நாள் முறைத்தார். அப்புறம் தினமும் கேட்க ஆரம்பித்தார், உன் அம்மா இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்களா என்று. அம்மாவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. ஒரு தீபாவளிக்கு அவருக்கென்று தனியாக முறுக்குக் கொடுத்தனுப்பினார், செத்த அம்மா கொடுத்தார் என்று சொல்லச் சொல்லி.

அதற்குப் பிறகு ஒரு நாள். அதே காலை நேரம், அதே லைன். சூப்பர்வைசர் வந்து தோளில் கை வைத்தார். அதையேதான் சொன்னார். நான் சிரித்தேன். அவர் முகத்தைப் பார்க்காமலேயே ஓடினேன். இந்த முறை என்ன பெயர், யார் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று ஆசையாக ஓடினேன். லாக்கரைத் திறந்து மின்னஞ்சலைத்தான் முதலில் பார்த்தேன். புதிதாக ஒன்றும் இல்லை. இழுத்து இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். அத்தை எடுத்தார். அம்மா குளியலறையில் விழுந்துவிட்டாராம். அத்தை சொல்லி முடிக்கும் வரை நான் சிரித்த முகத்தோடுதான் நின்றிருக்கிறேன். ஜாகா பிறகு சொன்னார்.

வீடு கேட்கும் வேலை இன்னும் முடியவில்லை. தளமும் திறந்திருக்கிறது. காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, இனி யார் பார்ப்பது என்று வாசலில் நின்று புலம்பினேன். ஜாகா கையை நீட்டினார். உன் அம்மா போனைக் கொடு, அந்தத் தாளையும் கொண்டு வா என்றார். ஆங்கிலம் தெரியுமா என்று கேட்டேன். உன் அம்மாவுக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார்.

இப்போது அந்தக் காலண்டர் தாள் காவல் கூண்டின் சுவரில் இருக்கிறது. சிவப்புக் கோடுகள் ஓரிடத்தில் நின்றுவிட்டன. அதற்கு அடுத்து நீலப் பேனாக் கோடுகள். போன வாரம் சூப்பர்வைசர் லைனுக்கு வந்தார். தோளில் கை வைக்கவில்லை. ஏதோ பட்டியலில் இல்லாத பெயராம், ஜாகா வரச் சொல்கிறார் என்றார். ஓடிப்போய்ப் பார்த்தேன். பழைய பெயர்தான். அவர் ஓர் எழுத்தைச் சரியாக ஒப்பிடவில்லை. அசடு வழிய நின்றார். நான் அவர் விரலைப் பிடித்து, ஒவ்வோர் எழுத்தாகத் தொட வைத்தேன். கடைசி எழுத்துக்கு வந்ததும் அவர் பேனாவை எடுத்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டு, வாய்விட்டுச் சொன்னேன்.

"இருக்கு."

அவர் கோடு போட்டார்.