நாய் வண்டியின் பதினெட்டு ஓட்டைகள்

தேயிலைத் தொழிற்சாலையின் பழைய கொட்டகைக்குப் பின்னால் அந்த வண்டி பல வருடங்களாகக் கிடந்தது. ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற இரண்டு சக்கர வண்டி. மேலே ஒரு தகரப் பெட்டி, உள்ளே நான்கு அறைகள், அறைக்கு ஒரு சின்னக் கதவு. எந்தக் காலத்திலோ ஒரு துரை தன் வேட்டை நாய்களைக் கீழே கொண்டுபோவதற்காகச் செய்தது என்று சொல்வார்கள். துரை போய், அவருக்குப் பின் வந்த மேனேஜர்களும் போய், கடைசியில் அதில் யாருடையதோ ஒரு கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்தது. கொட்டகையை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும் என் மனைவியின் தம்பி போய்க் கேட்டான். எடுத்துக்கொண்டு போனால் இடம் மிச்சம் என்று கொடுத்துவிட்டார்கள்.

நான் அதே தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆளையும் கூடையையும் மூட்டையையும் எண்ணியே தலை நரைத்தது. இப்போது எண்ணுவதற்கு வேலையில்லாததால் கண்ணில் படுவதை எல்லாம் எண்ணுகிறேன். வண்டி வாசலுக்கு வந்ததும் அதைத்தான் முதலில் செய்தேன். கதவு நான்கு. கீல் எட்டு, அதில் மூன்றுதான் அசைந்தன. டயர் இரண்டு, இரண்டும் போய்விட்டன. ஓட்டை பதினெட்டு.

துருப்பிடித்து விழுந்த ஓட்டைகள் அல்ல அவை. பக்கத்துக்கு ஒன்பது, அதில் சில மேல் ஓரத்தில், சில அடி ஓரத்தில், இரண்டு விரல் நுழையும் அளவில், விளிம்பை மடித்து அழகாகப் போட்டவை.

"துரை நாயக் கொண்டுபோனாரா, இல்ல வடிகட்டினாரா அத்தான்?" என்றான் மைத்துனன்.

அவனுக்கு அந்த வருடம் கானாங்கோழி சுட லைசன் கிடைத்திருந்தது. அவனுடைய சம்பந்தி வீடு மலைக்குக் கீழே, பீடோர் பக்கம். சம்பந்தியின் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி, எப்போதோ ஈயம் தோண்டிவிட்டுப் போன பெரிய குட்டை ஒன்று கோரைப் புல் மண்டிக் கிடக்கிறது. அங்கே பறவை நிறைய. போன தடவை நாய்களை ஜீப்பின் பின்சீட்டில் ஏற்றிப் போனோம். வளைவுகளில் ஒரு நாய் என் மடியில் இரண்டு முறை வாந்தி எடுத்தது. அதனால்தான் இந்த வண்டி.

நாய்கள் மொத்தம் நான்கு. மூன்று மைத்துனனுடையவை, இளசுகள், ஓடத் தெரியும், வேறொன்றும் தெரியாது. நான்காவது எங்கள் வீட்டுக் கறுப்புப் பெட்டை. அது என் மனைவியின் நாய். தாய் செத்துப்போக, கண் திறக்காத குட்டியாக இருந்தபோதே பால்புட்டியில் ஊட்டி வளர்த்தவள் அவள். இடுப்பு ஆபரேஷனுக்குப் பிறகு அவள் காலையில் கீழே முட்டைக்கோஸ் பாத்திக்கு இறங்கும்போது அது முன்னால் போகும். அவள் நின்றால் அதுவும் நிற்கும். என்னை நம்பி இறங்காதவள் அதை நம்பி இறங்குகிறாள். ஆனால் தண்ணீரில் விழுந்த பறவையைக் கவ்விக்கொண்டு வரத் தெரிந்தது அது ஒன்றுதான். அதனால் மைத்துனன் அக்காளிடம் வந்து நின்றான்.

"அது இல்லன்னா நான் சுடுறதெல்லாம் குட்டைக்குத்தான் சாப்பாடு. ஒரே ஒரு தடவக்கா."

அவள் கீரையை ஆய்ந்து முடித்தாள். பிறகு அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"போறது நாலு. வர்றதும் நாலா இருக்கணும். நீங்கதான் எண்ணுற ஆளாச்சே."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. கொக்கி கழன்றால்? வளைவில் வண்டி பள்ளத்தில் சாய்ந்தால்? பிரிஞ்சாங் டவுனில் ஒரு பட்டறையில் புது அச்சும் டயரும் போட்டோம். கொக்கிக்குக் கூடுதலாக ஒரு சங்கிலி மாட்டச் சொன்னேன். பிறகு இன்னொன்றும் மாட்டச் சொன்னேன். பட்டறை முதலாளியான சீனத் தௌக்கே என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அங்கிள், நாயா, யானையா?" என்று கேட்டார்.

எங்கள் மலையில் உள்ளவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டை என்று எங்கே எதைக் கண்டாலும் அடைத்துவிடுவோம். தொழிலாளர் லயத்து வீடுகளில் பலகைக்குப் பலகை இடைவெளி இருக்கும். விடியற்காலைப் பனி அதன் வழியாகத்தான் உள்ளே வரும். சின்ன வயதில் கிழிந்த துணி, பழைய காகிதம், சிமெண்டுப் பை என்று எது கிடைத்தாலும் செருகி அடைப்போம். இன்று கல்வீடு, கண்ணாடி ஜன்னல் எல்லாம் வந்துவிட்டது. ஆனாலும் ஜன்னல் இடுக்கில் துணி செருகாத வீடு எங்கள் வரிசையில் ஒன்றுகூட இல்லை. ஆகவே அந்தப் பதினெட்டு ஓட்டைகளை என்ன செய்வது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. மனைவி தன் பழைய ஸ்வெட்டரை வெட்டிச் சுருள் சுருளாக உருட்டிக் கொடுத்தாள். நான் செருகினேன். மைத்துனன் மேலே சிலிக்கான் பசை பூசினான். கதவுகளுக்கு ரப்பர் பட்டை வைத்தான். லெம்பா பெர்த்தாமில் காய்கறித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவரிடம், செடிக்கூடாரத்துக்குப் போட்டது போக மீந்த கனத்த பிளாஸ்டிக் இருந்தது. அதை வாங்கி வந்து உள்ளே நான்கு பக்கமும் ஒட்டினோம். அதன் மேல் கம்பளித் துண்டு.

முடித்துவிட்டு நான் கைவிளக்கை ஒவ்வொரு அறையிலும் வைத்துக் கதவைச் சாத்தி, வெளியே நின்று சுற்றிலும் பார்த்தேன். ஒரு பொட்டு வெளிச்சம் தெரியவில்லை. எனக்கு அப்போதுதான் மனம் நிறைந்தது.

"நாமளே உள்ள படுத்துக்கலாம் போல இருக்கு, லா" என்றான் மைத்துனன்.

புறப்பட்ட காலையில் பனி முகத்தில் ஈரத் துணி போல ஒட்டியது. பெட்டை ஏற மறுக்கவில்லை. கம்பளியை முகர்ந்தது, ஸ்வெட்டர் வாசம் தெரிந்திருக்கும், ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்துக்கொண்டது. மனைவி கதவைத் தானே சாத்தினாள்.

மலையடிவாரத்துத் தாப்பாவுக்கு இறங்கும் சாலையில் வளைவுகளை எண்ணாதவர் உண்டா, தெரியாது. நான் எண்ணுவேன். அன்று வளைவோடு குரைப்பையும் சேர்த்து எண்ணினேன். வண்டி ஒவ்வொரு வளைவிலும் ஆடும்போது பெட்டை ஒருமுறை குரைக்கும், உடனே மூன்று இளசுகளும் பிடித்துக்கொள்ளும். முதல் வளைவுகளில் பத்து, பன்னிரண்டு என்று வந்தது. எனக்கு அது ஆறுதலாக இருந்தது. கொக்கி இருக்கிறது, பெட்டி இருக்கிறது, நாய் இருக்கிறது.

கீழே இறங்க இறங்க வெயில் ஏறியது. மைத்துனன் ஜாக்கெட்டைக் கழற்றினான். நானும் ஸ்வெட்டரைக் கழற்றினேன். சாலையோர அருவி ஒன்றைத் தாண்டியதும் குரைப்பு ஐந்துக்கு வந்தது. அடுத்த வளைவில் இரண்டு. அதற்கடுத்த வளைவில் ஒன்று, அதுவும் பெட்டையின் குரல் இல்லை. பிறகு வளைவு வந்தது, ஒன்றுமே கேட்கவில்லை.

"நிறுத்து மாப்ள."

"எதுக்கு அத்தான்? போன வளைவுலதான் கொக்கியப் பாத்தீங்க."

"கொக்கி இல்ல. நாய் குரைக்கல."

"தூங்குது, லா."

"இந்த வளைவுல தூங்குமா? நீ தூங்குவியா?"

"நான் ஓட்டுறேன், நான் எப்படித் தூங்குறது? அப்புறம் பள்ளத்துல போய்த்தான் முழிக்கணும்." இன்னும் ஒரு வளைவு கடந்தது. சத்தம் இல்லை. என் முகத்தைப் பார்த்திருப்பான் போல. "சரி சரி, எனக்கும் ஒன்னுக்கு வருது" என்று ஓரங்கட்டினான்.

சாலையோரம் அந்தக் காட்டுப் பூர்வகுடியான ஓராங் அஸ்லிப் பெண் ஒருத்தி பெட்டாய் காய்க் கொத்துகளைத் தொங்கவிட்டு விற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மலைத் தண்ணீர் மூங்கில் குழாயில் கொட்டிக்கொண்டிருந்தது. நான் இறங்கித் தகரத்தில் கை வைத்தேன். கையை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. கதவு வரவில்லை, ரப்பர் பட்டை பிடித்துக்கொண்டது. மைத்துனன் ஓடி வந்து நான்கு கதவையும் ஒவ்வொன்றாக இழுத்துத் திறந்தான். இட்லிச் சட்டியைத் திறந்தது போல முகத்தில் ஆவி அடித்தது. உள்ளே பிளாஸ்டிக் முழுவதும் நீர் முத்து முத்தாக வடிந்துகொண்டிருந்தது.

ஒன்று விழுந்தது. இரண்டு. மூன்று. மூன்றும் தள்ளாடிக்கொண்டே தண்ணீருக்குப் போயின. நான்காவது அறையிலிருந்து எதுவும் வரவில்லை.

மைத்துனன் தலையையும் தோளையும் உள்ளே விட்டுப் பெட்டையை வெளியே எடுத்தான். கால்கள் துணி போலத் தொங்கின. நாக்கு வெளுத்திருந்தது. அந்தப் பெண் தன் வாளியை எடுத்து நீட்டினாள். நான் செருப்போடு குழாயடியில் உட்கார்ந்து பெட்டையை மடியில் போட்டுக்கொண்டேன். அவன் வயிற்றிலும் காலிலும் தண்ணீர் ஊற்றினான், நான் காதுகளை நனைத்தேன். விலா எலும்பு வேகமாக ஏறி இறங்கியது. அதை எண்ணப் பார்த்தேன். முடியவில்லை. எண்ண முடியாமல் போனது எனக்கு நினைவு தெரிந்து அதுதான் முதல் தடவை. நாலு, நாலு, நாலு என்று ஒரே எண்ணைத்தான் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. மனைவி.

"எடுக்காதீங்க அத்தான்" என்றான் மைத்துனன். எடுத்தேன். எடுத்ததும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"போன அது காதுல வைங்க" என்றாள்.

வைத்தேன். என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. ஏதோ முணுமுணுப்பு. பெட்டையின் காது ஒருமுறை அசைந்தது. பிறகு கண் திறந்தது. தலையைத் தூக்கி என் கையிலிருந்த தண்ணீரை நக்கியது, நிறையக் குடித்தது, அத்தனையையும் என் மடியிலேயே வாந்தி எடுத்தது. பிறகு மெல்ல எழுந்து நின்று உடம்பை ஒரு உதறு உதறியது. என் மூக்குக் கண்ணாடி, போன், மைத்துனனின் சட்டை எல்லாம் நனைந்தன.

"எந்திரிச்சிட்டுது" என்று போனில் சொன்னேன். "நிக்குதா?" என்றாள். "நிக்குது." "நாலு காலும்?" "நாலு காலும்."

மைத்துனன் காட்டுப் பக்கம் திரும்பி ஒன்றுக்குப் போனான். அவ்வளவு நேரம் யாரும் ஒன்றுக்குப் போய் நான் பார்த்ததில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

இருவரும் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

"துரைக்குத் தெரிஞ்சிருக்கு" என்றேன்.

"நமக்கு எப்படித் தெரியும் அத்தான்? நம்ம வீட்ல ஒரு காத்தாடிகூட இல்லயே."

உண்மைதான். எங்கள் வரிசையில் யார் வீட்டிலும் மின்விசிறி கிடையாது. சூடு என்பது நாங்கள் சம்பந்தி வீட்டில் இரண்டு நாள் அனுபவித்துவிட்டுத் திரும்பும் ஒரு பொருள். ஸ்க்ரூடிரைவரால் ஓட்டைகளைக் குத்தித் திறந்தோம். பிளாஸ்டிக்கை உரித்துச் சுருட்டினோம். அவன் குத்தினான், நான் எண்ணினேன், பதினெட்டாவது திறக்கும் வரை ஜீப்பில் ஏறவில்லை. மூன்று இளசுகளும் பெட்டிக்குள் காற்றாட வந்தன. பெட்டை ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்ட முன்சீட்டில், என் மடியில் வந்தது. பீடோர் வரை கால் மரத்துப் போனது. நான் அசையவில்லை.

மறுநாள் காலை குட்டைக்கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பெட்டை நாற்காலிக்கு அடியில். மைத்துனன் நான்கு முறை சுட்டான், ஒரு கோழி விழுந்தது, நடுத்தண்ணீரில். இளசுகள் மூன்றும் கரையில் அங்குமிங்கும் ஓடிக் குரைத்தன. பெட்டை எழுந்து நின்றது. தண்ணீரைப் பார்த்தது, என்னைப் பார்த்தது. நான் கழுத்துப் பட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க அத்தான்! இதுக்குத்தானே கூட்டியாந்தோம்!"

"முடியாது."

கடைசியில் அவனே பேண்டை மடக்கிக்கொண்டு இறங்கினான். இடுப்பளவு சேற்றில் கோழியை உயர்த்திப் பிடித்தபடி அவன் கரையேறியதைப் பார்த்து சம்பந்திக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இவரு நாயப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு, நான் நாயாயிட்டேன்" என்று அவன் இன்றும் எல்லோரிடமும் சொல்கிறான். அன்று ஜீப்பை நிறுத்தியது தனக்கு ஒன்றுக்கு வந்ததால்தான் என்றும் சேர்த்துச் சொல்கிறான். சொல்லட்டும்.

திரும்பி வந்தபோது மாலைப் பனி இறங்கிவிட்டிருந்தது. மனைவி வாசலில் நின்றாள். மூன்று கதவுகளை மைத்துனன் திறந்தான். ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் வாய்விட்டு எண்ணினாள். நான்காவது ஜீப்பின் முன்கதவிலிருந்து குதித்து, எங்களை யாரென்றே தெரியாதது போலக் கடந்துபோய் அவள் காலடியில் நின்றது.

"நாலு" என்று சொல்லிவிட்டு, அதன் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். "ஒரு கோழிக்கா இவ்ளோ தூரம் போனீங்க?" என்று தம்பியைக் கேட்டாள். அவள் அந்தக் கணக்கைச் சொன்ன நாளுக்குப் பிறகு அன்றிரவுதான் நான் விடியும்வரை தூங்கினேன்.

வண்டி இப்போது எங்கள் வாசலில்தான் நிற்கிறது. ஆச்சரியம், பெட்டை அதில்தான் படுக்கப் போகிறது, ஸ்வெட்டர் வாசம் விடவில்லை போலிருக்கிறது. போன வாரம் காலையில் போய்ப் பார்த்தேன். ஓட்டைகளில் எல்லாம் துணி செருகியிருந்தது. என் பழைய காலுறை ஒன்றும் அதில் இருந்தது. பனி அடிக்குமே என்று மனைவிதான் செய்திருக்கிறாள். காலைத் தேநீருக்கு அடுப்பில் தண்ணீர் காயும்வரை அங்கேயே நின்று கதவைத் தொட்டுப் பார்த்தேன், சில்லென்றிருந்தது. கதவும் திறந்தேதான் கிடந்தது. மலைமேல் நிற்கும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். மைத்துனன் அடுத்த லைசனுக்கு எழுதிப் போட்டிருக்கிறான். இறங்குகிற அன்று காலையில் ஒவ்வொன்றாகப் பிடுங்கி ஒரு பைக்குள் போட வேண்டும், பதினெட்டையும்.