குளிரில் வேர்த்த ஆசியா

ஆசியாவுக்கு எதையும் திறந்து பார்த்தாக வேண்டும். தேயிலை மலையூரான கம்போங் ராஜாவில் அவளும் கணவர் அப்துல் முத்தலிப்பும் நடத்தும் சாப்பாட்டுக்கடையில் மின்விசிறி நின்றுபோனால், ஆளைக் கூப்பிடுவதற்குள் அவள் நாற்காலியில் ஏறி மூடியைக் கழற்றியிருப்பாள். பாதி நேரம் விசிறி சுற்றும். மீதி நேரம் ஒரு திருகாணி மிஞ்சும்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இனிப்புநீர் என்னும் சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கல்லாவில் உட்கார்ந்தே பழகிய உடம்பு. கிளினிக்கில் டாக்டர் திருச்செல்வம் மாத்திரை எழுதிக்கொடுத்து, தினமும் நடக்கவும் சொன்னார்.

"நடந்தா ரத்தத்துல உள்ள இனிப்பு எங்க போகும், டாக்டர்?"

"உங்க சதை அதை எரிச்சிடும்மா. காரு எண்ணெயை எரிக்கிற மாதிரி."

அந்தப் பதில் அவளைச் சும்மா இருக்கவிடவில்லை. விரலில் குத்திச் சர்க்கரை பார்க்கும் மெஷின் ஒன்றை வாங்கினாள். ஒரு நாள் ரொட்டி சானாய் தின்றுவிட்டுக் கல்லாவிலேயே உட்கார்ந்து பார்த்தாள். மறுநாள் அதே ரொட்டி, அதே குழம்பு. ஆனால் சாப்பிட்ட கையோடு தேயிலைத் தோட்டத்துச் சாலையில் ஏறி இறங்கி வந்து குத்திக்கொண்டாள். மெஷினில் தெரிந்த எண்ணை நம்பாமல் இன்னொரு விரலிலும் குத்தினாள். இரண்டும் முந்தின நாளைவிட வெகுவாகக் குறைந்திருந்தன.

"என்னங்க, இங்க வந்து பாருங்க! மேடு ஏறினதுக்கே இறங்கியிருக்கு!"

முத்தலிப் மாவு பிசையும் கையோடு எட்டிப்பார்த்தார். "சாப்பிட வர்றவங்க பயந்துடுவாங்க. ஊசியை உள்ள கொண்டுபோய் வச்சுக்க."

அன்றிலிருந்து காலைக் கூட்டம் ஓய்ந்ததும் ஆசியா கிளம்பிவிடுவாள். சாலைக்கு மேலே சரிவில் கொழுந்து வெட்டும் மாரியம்மா அப்படித்தான் பழக்கமானாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அந்தத் தோட்டத்தில் இன்னும் வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் ஒருசிலர்தான். அவர்களில் ஒருத்தி அவள். ரப்பர் சப்பாத்தும் முதுகில் கூடையுமாக, பெரிய கத்தரியை வீசிக்கொண்டே பேசுவாள்.

"வேலையில்லாம மலை ஏறுற ஆள இப்பத்தான் பாக்குறேன்க்கா" என்று சிரிப்பாள்.

சில வாரங்களில் ஆசியாவுக்கு இன்னொரு யோசனை வந்தது. தின்றுவிட்டு நடந்தாலே இவ்வளவு இறங்குகிறதே, தின்னாமல் நடந்தால்? அன்று மாத்திரையைப் போட்டுக்கொண்டாள். ரொட்டியைத் தொடவில்லை. பனி விலகாத சாலையில் வழக்கத்தைவிட வேகமாக ஏறினாள்.

இரண்டாவது வளைவு தாண்டியதும் கை நடுங்கியது. முதலில் குளிர் என்று நினைத்தாள். பிறகு நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து கண்ணில் இறங்கியது. தேயிலை வரிசைகள் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தன. சாலையோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாரியம்மா கூடையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அக்கா! என்ன, இந்தக் குளிர்ல இப்படி வேர்க்குது?"

ஆசியா சட்டைப்பையில் மெஷினைத் துழாவினாள். விரல்களுக்கு அது பிடிபடவில்லை.

"அதெல்லாம் அப்புறம். மொதல்ல இதக் குடிங்க." மாரியம்மா தன் ப்ளாஸ்க்கிலிருந்து இனிப்புப் பால் டின்னையே கவிழ்த்தாற்போன்ற தேநீரை ஊற்றி, பிஸ்கட்டையும் கையில் திணித்தாள். அது தற்செயலாக அமைந்த சரியான மருந்து. நடுக்கம் மெல்ல அடங்கியது. அதன் பிறகுதான் ஆசியா குத்திப் பார்த்தாள். அவ்வளவு இனிப்புக்குப் பிறகும் எண் கீழேயே கிடந்தது.

"இது இவ்வளவு கீழயும் போகுமா?" என்றாள். பயந்திருந்தாள், ஆனாலும் அந்த எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

டாக்டர் நன்றாகவே கடிந்துகொண்டார். "அந்த மாத்திரையும் சர்க்கரையை இறக்கும், நடையும் இறக்கும். ரெண்டும் வெறும் வயித்துல சேர்ந்தா மயங்கித்தான் விழணும்." மாத்திரையைக் குறைத்தார். சாப்பிட்டுவிட்டே நடக்க வேண்டும், பையில் மிட்டாய் இருக்க வேண்டும் என்றார்.

அடுத்த முறை சந்தித்தபோது மாரியம்மா கையை நீட்டினாள். "எனக்கும் குத்துங்கக்கா. நான்தான் நாள் பூரா நடக்குறேனே, எனக்கு ஒண்ணும் இருக்காது. சும்மா பாப்போம்."

ஆசியா புது ஊசி மாட்டிக் குத்தினாள். எகிறியிருந்த எண்ணைப் பார்த்தவள், மெஷினில்தான் கோளாறோ என்று மறுபடி ஊசி மாற்றித் தன் விரலிலும் குத்திக்கொண்டாள். மெஷின் சரியாகத்தான் இருந்தது.

மாரியம்மாவின் ஓய்வு நாளில் இருவரும் கிளினிக்குக்குப் போனார்கள். முறையாக ரத்தம் எடுத்துப் பார்த்ததிலும் அதுவேதான், மாரியம்மாவுக்கும் இனிப்புநீர்.

"அப்ப நான் நடந்த நடையெல்லாம் எங்க போச்சு, டாக்டர்?" மாரியம்மாவின் குரலில் கோபம் இருந்தது.

"வீண் போகலம்மா. நடக்காம இருந்திருந்தா இன்னும் முன்னமேகூட வந்திருக்கலாம். குடும்பத்துல யாருக்காவது இருந்துச்சா?"

"அம்மாவுக்கு இருந்துச்சு. ஈப்போ ஆஸ்பத்திரியில கால எடுத்தாங்க."

டாக்டர் அவள் சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். இடது பெருவிரலுக்குக் கீழே காசளவு புண், ஓரம் வெளுத்துக் கிடந்தது. மாரியம்மா குனிந்து, யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"வலிக்கவே இல்லையே!"

"அதுதான் பிரச்சனை" என்றார் அவர். "உணர்ச்சி குறைஞ்சிருக்கு. நல்லவேளை, இப்பவே வந்தீங்க."

புண் ஆறும்வரை சரிவில் ஏறக்கூடாது என்று எழுதிக்கொடுத்தார். அந்த வாரங்களில் ஆசியா நடையை, மாரியம்மா குடியிருக்கும் தோட்டத்து லயத்துப் பக்கம் திருப்பினாள். மாரியம்மா காலை முக்காலியில் நீட்டியிருப்பாள். நர்ஸ் காட்டித்தந்தபடி, நீர் நிரப்பிய போத்தல்களை இரு கையிலும் பிடித்துத் தூக்கி இறக்குவாள். "நடையில்லாட்டி கையாவது எரிக்கட்டும்" என்பாள். போகுமுன் இருவரும் கண்ணாடி வைத்து உள்ளங்காலைப் பார்த்துக்கொள்வார்கள்.

புண் ஆறியது. மாரியம்மா தடித்த காலுறையும் அளவான புதுச் சப்பாத்துமாக வேலைக்குத் திரும்பினாள். ப்ளாஸ்க் தேநீரில் இப்போது இனிப்புப் பால் இல்லை. வாய் கோணினாலும் குடித்துவிடுகிறாள்.

ஆசியாவின் எண்ணும் ஓரளவு இறங்கி நின்றது. மாத்திரை தொடரும் என்றார் டாக்டர். அவள் அதற்கு வருத்தப்படவில்லை. வேறொன்று அவளைக் குடைந்துகொண்டிருந்தது.

"ராத்திரி பூரா எதுவும் தின்னல. காலையில பாத்தா ஏறியிருக்கு. எங்கிருந்து வருது, டாக்டர்?"

"ஈரல்தான்மா. விடியும் நேரத்துல அது சேர்த்துவச்ச சர்க்கரையை எடுத்து ரத்தத்துல விடும்."

மறுநாள் காலை சமையலறையில் முத்தலிப் கோழி ஈரலைக் கழுவி வைத்திருந்தார். ஆசியா அதில் ஒன்றை எடுத்துப் பலகையில் வைத்து நீளவாக்கில் வெட்டினாள்.

"என்ன தேடுற?" என்றார் அவர்.

"சும்மா பாக்குறேன், இருங்க" என்று வெட்டிய துண்டைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.