கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சரஸ்வதி அக்கா

செவ்வாய்க்கிழமை காலை சரஸ்வதி அக்காவின் கணவர் கணேசண்ணனிடமிருந்து போன் வந்தது. "சரசு போயிட்டாளுங்க அம்மிணி" என்றார். ஏதோ ஊருக்குப் போயிருக்கிறார் என்றுதான் முதலில் எடுத்துக்கொண்டேன். அண்ணன்தான் இதய நோயாளி. அவரைப் பற்றி அக்கா எந்த நேரமும் அழைக்கக்கூடும் என்று சில வருஷங்களாக எனக்குள் ஒரு பயம் இருந்தது. அக்காவைப் பற்றி அண்ணன் அழைப்பார் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

எங்கள் பனியன் கம்பெனியின் செக்கிங் பிரிவில் இருந்தவர்களுக்கு அக்காவை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தைத்து வரும் துணியில் ஓட்டையும் கறையும் தேடும் பெண்களுக்கு அவர் சூப்பர்வைசர். நாற்காலி போட்டாலும் உட்கார மாட்டார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த என் பேச்சைக் கேட்டு மற்றவர்கள் சிரித்தபோது, "நீங்க அவங்க ஊர்ல போய்ப் பேசிப் பாருங்க, அப்பத் தெரியும்" என்று அடக்கினார். அன்றிலிருந்து நான் அவருக்குக் 'கண்ணு'.

துணி பின்னும் நிட்டிங் யூனிட்டில் மெக்கானிக்காக இருந்த கணேசண்ணனுக்குச் சில வருஷங்களுக்கு முன் மாரடைப்பு வந்து, ரத்தக் குழாய்களில் அடைப்பு என்று தெரிந்தது. இதயத்தின் ஒரு பகுதி சரியாகத் துடிக்கவில்லை. "அந்தத் தசை செத்துப்போயிருந்தால் ஆபரேஷன் செய்து பலனில்லை. ரத்தம் குறைந்து சோர்ந்து கிடக்கிறதென்றால் காப்பாற்றலாம். எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரியும்" என்றார் டாக்டர். இங்கிலீஷ் காகிதங்களைப் படிக்க ஆள் வேண்டும் என்று அக்கா என்னையும் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனார்.

குழாய் மாதிரியான அந்த மிஷினுக்குள் போன சற்று நேரத்தில் அண்ணன், முடியாவிட்டால் கூப்பிடக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டார். வெளியே இழுத்தார்கள். வேர்த்துக் கொட்டியது. "குழிக்குள்ள எறக்கற மாதிரி இருக்குதுங்க. என்னால ஆகாது" என்றார். அசைந்தால் படம் கலங்கிவிடும், சொல்லும்போதெல்லாம் மூச்சை நிறுத்தியாக வேண்டும் என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். வேண்டுமானால் வீட்டு ஆள் ஒருவர் உள்ளே நிற்கலாம், உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது.

அக்கா ஒவ்வொன்றாகக் கழற்றினார். கொண்டை ஊசி, வளையல், மெட்டி, சேலையில் குத்திய ஊக்குகள். "நானே ஒரு இரும்புக் கடையாட்ட இருக்கறனே" என்று சிரித்தார். கடைசியில் தாலிக்கொடி. அண்ணன் பதறிவிட்டார்.

"வேண்டாம் புள்ள. அதைக் கழட்டாத. நான் இப்படிப் படுத்திருக்கற நேரத்துல..."

"ஏனுங்க, கொஞ்ச நேரம் என்ற கழுத்து வெறுமனே இருந்தா நீங்க செத்துருவீங்களா?" என்றார் அக்கா. ஸ்கேன் பெண்கூடத் தலையைக் குனிந்துகொண்டாள். "உள்ள உசுரு இருக்குதா இல்லையான்னு பார்த்துப்போடலாம். தெரியாம பயப்படறதுக்குத் தெரிஞ்சே பயப்படலாமுங்க."

தாலியை என் கையில் வைத்து மூடிவிட்டு உள்ளே போனார்.

கண்ணாடி வழியே பார்த்தேன். மிஷின் தடதடவென்று அடித்தது. அக்கா அண்ணனின் கால் கட்டைவிரலைப் பிடித்தபடி நின்றார். "மூச்சை இழுங்க, விடுங்க, நிறுத்துங்க" என்று ஸ்கேன் பெண் மைக்கில் சொல்லும்போதெல்லாம் அக்காவின் தோள்களும் அசையாமல் நின்றன. திரையில் அண்ணனின் இதயம் சாம்பல் நிறத்தில் சுருங்கி விரிந்தது. எனக்கு அதில் ஒன்றும் புரியவில்லை. நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

வெளியே வந்தபோது அண்ணனைவிட அக்காவுக்குத்தான் அதிகமாக மூச்சு வாங்கியது. "உங்களுக்கு ஏம்மா இப்படி இரைக்குது? ஒரு ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்க" என்றாள் அந்தப் பெண். "அவரு கூடச் சேர்ந்து நானும் மூச்சை நிறுத்துனனுங்க, அதான்" என்று சிரித்துவிட்டார் அக்கா. நாங்களும் சிரித்தோம்.

தசையில் பெரும்பகுதி உயிரோடு இருந்தது. பைபாஸ் நடந்தது. அண்ணன் தேறி வேலைக்கும் போனார்.

அதன் பிறகு அக்கா கம்பெனி மாடிப்படியில் பாதியில் நிற்பதைப் பலமுறை பார்த்தேன். மூச்சு வாங்குவதை மறைக்க, கையிலிருக்கும் துணியைத் தூக்கிப் பார்ப்பதுபோல நிற்பார். "எக்கா, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்திருவோம்" என்பேன். "இந்த ஷிப்மென்ட் போகட்டும் கண்ணு" என்பார். ஆர்டர்கள் குறைந்து ஆட்களை நிறுத்தத் தொடங்கிய இந்த வருஷம், லீவு என்ற சொல்லையே அக்கா என்னை எடுக்கவிடவில்லை. அன்று ஸ்கேன் அறையில் அண்ணனிடம் சொன்ன 'தெரிஞ்சே பயப்படலாமுங்க' என்பதையே போன மாதம் அவரிடம் சொல்லிக் காட்டினேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ரெண்டு பேருமே படுத்துட்டா ஊட்டுல சோறு ஆரு ஆக்கறது? எனக்கு என்னமோன்னு தெரிஞ்சா அவரு தாங்குவாரா?" அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தன் விஷயத்தில் அவருக்குத் தெரிந்துகொள்ளவே பயம்.

செவ்வாய்க்கிழமை விடியலில் தண்ணீர்க் குடத்தை இறக்கி வைத்தவர் சுவரில் சாய்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை.

வீட்டில் கணேசண்ணன் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார். "என்ற நெஞ்சைப் பொளந்து சரி பண்ணுனாங்க அம்மிணி. அவ நெஞ்சுல ஒருத்தரும் குழாய் வெச்சுக்கூடப் பார்க்கலீங்களே" என்றார். மறுபடி நடந்தார்.

பதினோராம் நாள் காரியம் முடிந்து திரும்பும்போது, எங்களோடு வேலை செய்யும் மல்லிகா பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தாள். தனக்கும் கொஞ்ச நாளாகப் படி ஏறினால் இரைக்கிறது என்றாள். நாளைக்குப் பார்க்கலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலிருந்த அடுத்த நிறுத்தத்தில் அவள் கையைப் பிடித்து இறக்கினேன். "ஏனுங்கக்கா, இன்னைக்கேவா? ஊட்டுல கொழந்தைங்க காத்திருக்கும்" என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பிடிவாதம்தான். தனக்கென்று ஒருநாளும் செலவழிக்காமல், அடுத்தவருக்காக மட்டுமே அவர் வைத்திருந்த பிடிவாதம். மல்லிகாவை ஈ.சி.ஜி. அறைக்குள் அனுப்பிவிட்டு, அக்காவைப்போல வெளியே நின்றேன். அங்கே நாற்காலிகள் காலியாகத்தான் கிடந்தன.