கிளப்பிலேயே மோசமான பிட்சர்

எங்கள் சாஃப்ட்பால் கிளப்பில் இதுவரை பந்தெறிந்தவர்களிலேயே மோசமானவள் நான்தான் என்பதை, சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில், தோசை வருவதற்கு முன்பே தெரிந்துகொண்டேன்.

சொன்னவர் எங்கள் புதிய பயிற்சியாளர். சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். நாற்பதைக் கடந்த பெண்களுக்கான போட்டிக்கு அணி எடுக்கும் பொறுப்பு அவருடையது. கிளப்பின் பழைய ஆட்டங்களையெல்லாம் கணினியில் ஏற்றி, ஒவ்வொரு பிட்சருக்கும் ஈ.ஆர்.ஏ. கண்டுபிடித்திருந்தார். மற்றவர்கள் பந்தைத் தவறவிட்டதால் போன ரன்களைக் கழித்துவிட்டு, ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எத்தனை ரன்களைப் பிட்சரே விட்டுக்கொடுத்தார் என்று சொல்லும் கணக்கு அது. குறைவாக இருந்தால் நல்லது. என்னுடையது எல்லாரையும்விட அதிகம்.

“தப்பா எடுத்துக்காதீங்க அக்கா. டேட்டா அப்படித்தான் சொல்லுது. நீங்க கோச்சிங் பக்கம் வந்தா பெரிய ஹெல்ப்பா இருக்கும்.”

“வெளிய உக்கார வைக்கிறதுக்கு இவ்ளோ அழகா பேசணுமா தம்பி?”

எனக்குக் கோபம் வந்தால் பசி கூடும். தோசையைத் தின்றுகொண்டே சொன்னேன். அந்தக் காலத்தில் கிளப்பில் நாங்கள் இரண்டு பிட்சர்கள்தான். பலமான அணியோடு ஆட்டம் என்றால் மற்றவளுக்கு முந்தின நாளே தோள் வலிக்கத் தொடங்கிவிடும். தேசிய அணிக்கு ஆடியவர்கள் மட்டையோடு நிற்க, எறியப் போனவள் நான். பள்ளிப் பிள்ளைகளோடு ஆட்டம் வந்தால் அவள் தோள் சரியாகிவிடும். இன்றைக்கு அவருடைய பட்டியலில் முதலிடம் அவளுக்கு.

“எதிர்ல யார் நின்னாங்கன்னு உங்க கணக்குக்குத் தெரியுமா?”

“அது இதுல வராதுக்கா. அந்த டீட்டெயில்ஸ் நம்மகிட்ட இல்ல.”

“உங்ககிட்ட இல்லாததுக்கு நான் ஏன் உக்காரணும்?”

அடுத்த பயிற்சியின்போது எல்லார் முன்னாலும் கேட்டேன். “எந்த டீம் ரொம்ப ஸ்ட்ராங்கோ, அந்த மேட்ச்ச எனக்குக் குடுங்க.” பிடோக்கில் இருக்கும் என் தோழிதான் பல வருடங்களாக என் பந்தைப் பிடிக்கும் கேட்சர். அவள் முகக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, “இவ எறியலன்னா நானும் வரல லா” என்றாள். அணியில் வேறு கேட்சர் கிடையாது. பயிற்சியாளர் ஒப்புக்கொண்டார்.

ஆட்டத்தன்று நல்ல வெயில். என் பந்துகளில் ஒன்றை ஒருத்தி வேலியைத் தாண்டி அனுப்பினாள். அதற்கு முன்னால் அடித்த ஒருத்தி ஏற்கெனவே முதல் தளத்துக்கு ஓடிப்போய் நின்றிருந்ததால், அவளையும் சேர்த்து இரண்டு ரன்கள். பயிற்சியாளர் மைதானத்துக்குள் நடந்து வந்து, பந்தைக் கேட்டுக் கையை நீட்டினார்.

“போதும்க்கா.”

பந்தைக் கையுறைக்குள் இறுக்கிக்கொண்டேன். “எனக்குப் போதல தம்பி. போய் நில்லுங்க.”

நீட்டிய கையை, பாவம், எங்கே வைப்பதென்று தெரியாமல் திரும்பிப் போனார். அடுத்து வந்தவள் மூன்று முறை வீசியும் மட்டையில் பந்து படவில்லை. அவளுக்குப் பின்னால் வந்தவள் மேலே தூக்கியடித்ததை என் தோழி ஓடிப்போய்ப் பிடித்தாள். கடைசிவரை நானே எறிந்தேன். பிறகும் சில ரன்கள் போயின. தோற்றோம்.

நிழலில் உட்கார்ந்து தோளில் ஐஸ் வைத்துக்கொண்டிருந்தபோது பயிற்சியாளர் கைப்பேசியோடு வந்தார். சொல்லலாமா வேண்டாமா என்ற தயக்கம் முகத்தில் தெரிந்தது.

“சராசரி இன்னும் ஏறிடுச்சுக்கா.”

“ஏறட்டும் லா. அடுத்த மேட்ச் யாரோட?”

போன வருடக் கோப்பையை வென்றவர்களோடு என்றார். பிறகு, நான் கேட்காமலேயே, “நீங்கதான் எறியறீங்க” என்றார்.

வீடு திரும்பும்போது ரயிலில் எறியும் கை மேலே எழவில்லை. ஒரு மாணவி என் முகத்தைப் பார்த்து எழுந்து இடம் கொடுத்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். மற்றக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொங்கோல் வரை நின்றுகொண்டே போனேன்.